பொலிஸ் பிள்ளையைப் பிடித்தால்: வழக்குக்கு முன்னால் இருக்கிற கதவு

பெரும்பாலும் பின்னேரம் நாலு, நாலரைக்குத்தான் அந்த ரெலிபோன் வரும். பள்ளிக்கூடம் விட்டிருக்கும், தாயும் தகப்பனும் வேலையில் நிற்பார்கள். மோல் செக்கியூரிட்டியோ பொலிஸ் அதிகாரியோ பேசுவார்: உங்கள் மகன் எங்களோடு இருக்கிறார், வர முடியுமா? கடையில் ஒரு ஹெட்ஃபோனை ஜக்கெற்றுக்குள் வைத்திருப்பான். அல்லது கூட்டாளிகளோடு சேர்ந்து அயல்வீட்டுக் கண்ணாடியை உடைத்திருப்பான்.

ஊரிலிருந்து வந்து சில வருடங்களே ஆன குடும்பமென்றால், அந்த நிமிடத்தில் மனம் போகிற இடம் ஒன்றுதான்: கைவிலங்கு, கோடு என்கிற நீதிமன்றம், சிறை, பிள்ளையின் வாழ்க்கை போச்சு. அப்படி இல்லை. கனடாவில் வழக்குக்கு முன்னாலேயே இன்னொரு கதவு இருக்கிறது. பிள்ளை தான் செய்ததை ஏற்றுக்கொண்டு, பாதிக்கப்பட்டவருக்கு முன்னால் இருந்து, ஏற்பட்ட சேதத்தைத் தன் கையால் சரிசெய்கிற வழி அது. ரெஸ்டோரேற்றிவ் ஜஸ்டிஸ் என்பார்கள். தமிழில் சீரமைப்பு நீதி என்று சொல்லலாம்.

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இப்படியான சந்திப்புகளை நடத்தும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. சட்டத்தரணி இல்லை. இங்கே எழுதுவது முதல் தடவையாக இதற்குள் வருகிற பெற்றோருக்கான வழிப்படம். உங்கள் பிள்ளையின் விடயத்தை ஒரு சட்டத்தரணியிடம் கட்டாயம் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குற்றம் நடந்தபோது 12 முதல் 17 வயது வரை இருந்தவர்களுக்கு உரியது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைமீது கனடாவில் குற்றம் சாட்டவே முடியாது.

இந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்னர், வேறு வழி போதுமா என்று அதிகாரி யோசிக்க வேண்டும் என்கிறது அது. ஒன்றும் செய்யாமல் விடலாம். வாயால் எச்சரிக்கலாம். 'கோஷன்' எனப்படும் முறைப்படியான எச்சரிக்கை கொடுக்கலாம். பிள்ளை சம்மதித்தால் சமூகத் திட்டம் ஒன்றுக்கு அனுப்பலாம். நான் சொல்கிற கதவு இந்தக் கடைசி வழி. 4ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: வன்முறை இல்லாத குற்றம், பிள்ளை இதற்கு முன்னர் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டதில்லை என்றால், இந்த வழிகளே போதுமென்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இந்தச் சட்டம் வந்ததும், பிடிபட்ட இளையோரில் குற்றம் சாட்டப்படுவோரின் பங்கு சட்டெனக் குறைந்தது.

ஆனால் ஒரு ஓட்டையும் உண்டு. அதிகாரி யோசிக்காமலே வழக்குப் போட்டாலும் அந்த வழக்குச் செல்லும். பிரிட்டிஷ் கொலம்பியா, கியூபெக் போன்ற மாகாணங்களில் கிரவுன் என்கிற அரச வழக்கறிஞர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே குற்றச்சாட்டு வரும். நாங்கள் இருக்கிற ஒன்ராறியோவில் அதைப் போடுவது பொலிஸ். ஆகவே இங்கே முதல் சில மணித்தியாலங்கள் உங்களுக்கு முன்னால் நிற்கிற அந்த ஒரு அதிகாரியின் கையில் இருக்கின்றன. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் இந்த வாய்ப்புக் குறைவாகவே நீட்டப்பட்டு வந்திருக்கிறது என்பது இந்த நாட்டில் பலகாலமாகப் பேசப்படும் குறை. தானாக வருமென்று காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

ரெலிபோன் வந்ததும்

போங்கள். போகிற வழியில் மச்சானுக்கும் மாமாவுக்கும் அடித்துச் சொல்ல வேண்டாம், வட்ஸப் குழுவில் போடவே வேண்டாம். இந்தச் சட்டத்தின் கீழ்க் கையாளப்படும் பிள்ளை இன்னார் என்று தெரியவருகிற மாதிரி வெளியிடுவது குற்றம். நீங்கள் உருக்கமாகப் போடுகிற ஒரு வரி அரை மணித்தியாலத்தில் பக்கத்து நகரமான மார்க்கம்வரை போய்விடும்.

பொலிஸுக்கு முன்னாலேயே மகனின் கன்னத்தில் அறைந்த தகப்பன்மார் உண்டு. நாங்கள் கண்டிப்பானவர்கள் என்று காட்டுகிற நினைப்பு. அதோடு கதை வேறு பக்கம் திரும்பும்; சிறுவர் பாதுகாப்புக்காரரும் வந்து சேருவார்கள். அதற்கு எதிர்மாறாக, அதிகாரியின் கையைப் பிடித்து அழுது கெஞ்சுகிற தாய்மாரும் உண்டு. இரண்டுமே பிள்ளைக்கு உதவாது.

மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கினாலும் கேளுங்கள். பிடிபட்ட பிள்ளையே அதிகாரிக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற காட்சி எங்கள் வீடுகளில் சாதாரணம். வங்கிக் கடிதத்தை வாசித்தவன் அவன்தானே, இதையும் அவனே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறோம். அவன் தனக்கு வசதியானதைச் சொல்வான், அல்லது வெட்கத்தில் பாதியை விழுங்குவான்.

வாயைத் திறக்க முதல் லோயர்

புதிதாக வருகிற பெற்றோர் அதிகம் குழம்புகிற இடம் இது.

சீரமைப்பு நீதிக்குள் போக, செய்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் பொலிஸிடம் வாக்குமூலம் கொடுக்காமல் இருப்பதும் பிள்ளையின் உரிமை. அப்படியென்றால் என்னதான் செய்வது?

ஒழுங்குதான் முக்கியம். முதலில் சட்டத்தரணி, பிறகு ஏற்றுக்கொள்வது. 146ஆம் பிரிவின்படி, தடுத்து வைத்திருக்கிற பிள்ளையிடம் வாக்குமூலம் எடுக்க முன்னர் அதிகாரி அவனுக்கு விளங்குகிற சொற்களில் சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும்: பேச வேண்டிய கட்டாயம் இல்லை, பேசினால் அது சாட்சியமாகலாம், சட்டத்தரணியோடும் பெற்றோரோடும் கலந்து பேசலாம், அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசலாம். ஒன்ராறியோவில் டியூட்டி கவுன்சில் என்கிற இலவச சட்டத்தரணியோடு பொலிஸ் நிலையத்திலிருந்தே ரெலிபோனில் பேச முடியும். பிறகு ஆறுதலாக ஆலோசனை கேட்க, லீகல் எயிட் ஒன்ராறியோவும், ரொறொன்ரோவில் சிறுவருக்கும் இளையோருக்குமென்றே இயங்கும் 'ஜஸ்டிஸ் ஃபோர் சில்ட்ரன் அண்ட் யூத்' சட்ட உதவி நிலையமும் இருக்கின்றன.

"நீ செய்தனியா இல்லையா, உண்மையைச் சொல்லு" என்று நிலையத்தின் நடைபாதையில் வைத்துப் பிள்ளையை விசாரிக்காதீர்கள். லோயரிடம் சொன்னதற்குச் சட்டம் கொடுக்கிற பாதுகாப்பு, அம்மாவிடம் சொன்னதற்கு இல்லை.

இன்னுமொரு நுணுக்கம். வழக்குப் பதிந்த பிறகு கிரவுன் வழியாகக் கிடைப்பது 10ஆம் பிரிவின் கீழான திட்டம். அதில் சேருவதற்காகப் பிள்ளை பொறுப்பேற்றுச் சொன்னதை எந்த நீதிமன்றத்திலும் அவனுக்கு எதிராகப் பாவிக்க முடியாது. அது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வழக்குப் போட முன்னர் பொலிஸ் நேரடியாக அனுப்புகிற திட்டத்துக்கு அந்த வரி அப்படியே பொருந்தாது. அப்படி அனுப்பப்பட்டதை முன்னர் குற்றம் செய்ததற்கான சான்றாகக் காட்டக்கூடாது என்று 9ஆம் பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். ஆகவே லோயரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "பிள்ளை அந்தச் சந்திப்பில் சொல்கிறதை யார் எழுதுவார்கள், அது யாரிடம் போகும்?"

கேட்க வேண்டிய கேள்வி

சட்டத்தரணியோடு பேசிய பிறகு, நீங்களோ அவரோ அதிகாரியிடம் அமைதியாகக் கேட்கலாம்: இதற்கு 'ப்ரீ-சார்ஜ் டைவேர்ஷன்', அதாவது வழக்குப் போட முன்னரே வேறு வழிக்குத் திருப்புவது, கிடைக்குமா? அந்த ஆங்கிலச் சொல்லையே சொல்லுங்கள். "பாவம், சின்னப் பிள்ளை, விட்டுவிடுங்கோ" என்பது மன்றாட்டம். இது சட்டம் யோசிக்கச் சொல்கிற ஒரு வழியைக் குறித்த கேள்வி. அதிகாரிக்கும் வேறு மாதிரிக் கேட்கும். அவர் முடியாது என்று சொன்னால் காரணத்தைக் கேட்டு, பெயரையும் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். கதவு பூட்டுப்பட்டதாக நினைக்க வேண்டாம், கோட்டில் கிரவுனிடம் திரும்பவும் கேட்கலாம்.

நோவா ஸ்கோஷியாவில் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. அங்கே 1999இல் தொடங்கிய மாகாணத் திட்டத்துக்குப் பொலிஸ், கிரவுன், நீதிமன்றம், சீர்திருத்தத் துறை என்று நாலு பேரும் ஆட்களை அனுப்பலாம். ஒன்ராறியோவில் ஊருக்கு ஊர் திட்டமும் பெயரும் மாறும். ரொறொன்ரோவில் பீஸ்பில்டர்ஸ் கனடா போன்ற அமைப்புகள் வட்டச் சந்திப்புகளை நடத்துகின்றன.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. ஆயுதம், பாலியல் குற்றம், கடுமையான தாக்குதல் என்றால் பெரும்பாலும் இந்த வழி திறக்காது. அது சரியென்றுதான் நானும் நினைக்கிறேன். வீட்டுக்குள் ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழ்கிற விடயங்களை ஒரு வட்டத்தில் இருந்து பேசித் தீர்க்கலாம் என்று நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பிள்ளை செய்யவில்லை என்றால் இதற்குள் போகவே கூடாது. "என்னெண்டாலும் ஓமெண்டு சொல்லிப் பிரச்சினையை முடிச்சுப்போட்டு வா" என்று சொல்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். குற்றத்தை மறுக்கிற பிள்ளைக்கு 10ஆம் பிரிவுத் திட்டத்தைப் பாவிக்கக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. செய்யாத பிள்ளை நிரபராதியென்று கோட்டில் நிற்கட்டும்.

சந்திப்புக்கு முன்னர்

அனுப்பப்பட்ட பிறகு, திட்டத்திலிருந்து ஒருவர் கூப்பிடுவார். பிள்ளையைத் தனியாகவும் உங்களோடும் ஒரு தடவையாவது சந்திப்பார். பாதிக்கப்பட்டவரையும் தனியாகச் சந்தித்து, வர விருப்பமா என்று கேட்பார். அவர் மறுக்கலாம், அப்போது அவருடைய கடிதத்தையோ, அவருக்குப் பதிலாக வருகிற ஒருவரையோ வைத்து நடத்துவோம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் கேட்பதுண்டு. வட்டமாக இருந்து பேசுவது இந்த மண்ணின் பழங்குடிகளிடமிருந்து வந்தது. 1992இல் கனடாவின் வடக்கிலுள்ள யூகானில் நீதிபதி பாரி ஸ்டுவர்ட் ஒரு வழக்கில் அதை நீதிமன்றத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். பாதிக்கப்பட்டவரைக் குற்றம் செய்தவர் நேரே சந்திப்பதற்கு ஒன்ராறியோவிலேயே ஒரு தொடக்கம் உண்டு. 1974இல் கிச்சினருக்குப் பக்கத்திலுள்ள எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் ஒரே இரவில் 22 இடங்களில் கண்ணாடிகளையும் கார்களையும் நாசம் செய்தார்கள். மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அதிகாரி, இவர்கள் வீடுவீடாகப் போய்ச் சந்தித்தால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டார். நீதிபதி சம்மதித்தார். அவர்கள் கதவு கதவாகத் தட்டினார்கள், யாருக்கு எவ்வளவு நட்டம் என்று கேட்டு எழுதினார்கள், சில மாதங்களில் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கிச்சினரில் இதற்கென ஒரு திட்டம் அதிலிருந்துதான் பிறந்தது.

தயார்படுத்தலில் பெற்றோர் செய்கிற பெரிய பிழை, பிள்ளைக்குப் பதிலாகத் தாங்களே தயாராவது. ஒரு தகப்பன் மகனின் மன்னிப்புக் கடிதத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். அழகான ஆங்கிலம். 'ஏற்பட்ட அசௌகரியத்துக்கு ஆழ்ந்த வருத்தம்' என்று, தண்ணீர் வெட்டு அறிவித்தல் மாதிரி. நாங்கள் திருப்பி அனுப்பினோம். அடுத்த கிழமை பெடியன் கொப்பித் தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு வந்தான்: "உங்கள் கராஜுக்கு மேலே இருந்த லைற்றை உடைத்தது நான்தான். அந்த அறையில் உங்கள் அம்மா படுக்கிறா என்று எனக்குத் தெரியாது. அவ பயந்திருப்பா." மூன்றாவது வரியை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. (ஆட்கள் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வீட்டில் ஒத்திகை பார்க்க விரும்பினால் நாலு கேள்விகள் போதும்: என்ன நடந்தது? அந்த நேரம் என்ன நினைத்தாய்? இதனால் யார் யாருக்கு என்ன ஆனது? அதைச் சரிசெய்ய உன்னால் என்ன முடியும்? சந்திப்பிலும் கிட்டத்தட்ட இவைதான் வரும். பதிலை நீங்கள் திருத்த வேண்டாம்.

அந்த அறைக்குள்

சமூக நிலையத்தில் ஒரு சாதாரண அறை. மேசை இருக்காது, கதிரைகள் வட்டமாக இருக்கும். பிள்ளை, பெற்றோர், பாதிக்கப்பட்டவர், அவருக்குத் துணையாக வந்தவர், நடத்துகிற நாங்கள் இரண்டு பேர். சிலவேளை ஒரு பொலிஸ் அதிகாரி. ஒரு கல்லோ இறகோ கைமாறிப் போகும். அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பேசலாம்.

முதல் பத்து நிமிடங்களில் தமிழ்க் குடும்பங்களில் நடப்பதை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். கல் பிள்ளையின் கைக்குப் போகும். அவன் குனிந்துகொண்டு இருப்பான். ஐந்து விநாடி அமைதி. அம்மா பொறுக்கமாட்டா: "இவன் நல்ல பிள்ளை, கூட்டாளிமார்தான்..." நான் கையைக் கொஞ்சம் உயர்த்தி, "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ, தம்பி சொல்லட்டும்" என்பேன். மறுபடி அமைதி. இந்த முறை அப்பா: "எழும்பி அங்கிளின் காலில் விழு!" எதிரில் இருக்கிற வெள்ளைக்காரக் கடைக்காரருக்கு என்ன நடக்கிறதென்றே விளங்காது.

அந்த அமைதியை விட்டுவிடுங்கள். வெளியே பார்க்கத்தான் வெறும் அமைதி, உள்ளே அவன் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறான். நீங்கள் பேசிய மறுநிமிடம் அவன் தப்பிவிடுவான். அது உங்கள் பிரச்சினையாகிவிடும், அவன் பார்வையாளனாகிவிடுவான். காலில் விழுவதும் அப்படித்தான். இரண்டு விநாடியில் முடிகிற வேலை, ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை.

உங்கள் முறை வரும். அப்போது பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல், உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். வேலையில் ரெலிபோன் வந்த நேரம், மேலாளரிடம் என்ன பொய் சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று. தமிழில் சொன்னாலும் சரி. அம்மா இரவு ஷிப்ற்றைப் பாதியில் விட்டு இரண்டு பஸ் மாறி வந்த கதையை, அவனே முதல் தடவையாக அந்த அறையில்தான் கேட்பான்.

உடன்படிக்கை

கடைசியில் ஒரு தாளில் எழுதுவோம்: நட்டத்துக்கு இவ்வளவு பணம், இத்தனை மணித்தியாலத் தொண்டு வேலை, கடிதம், சிலவேளை ஆலோசகரிடம் போவது. கையெழுத்துப் போட முன்னர் மூன்றைப் பாருங்கள். செய்த குற்றத்தின் அளவுக்கு இது பொருந்துகிறதா? மீறக்கூடாதென்று சட்டம் சொல்கிறது. இருபது டொலர்ப் பொருளுக்கு நூறு மணித்தியாலம் என்றால் கேள்வி கேளுங்கள். பாடசாலையோடும் பகுதிநேர வேலையோடும் செய்து முடிக்க முடியுமா? பணத்தை யார் கட்டப்போகிறார்கள்? அப்பா காசோலை எழுதினால் விடயம் முடியும், பெடியனுக்கு ஒன்றும் நடக்காது. முன்பணம் நீங்கள் கொடுத்தாலும், கிழமைக்கு இவ்வளவு என்று அவனிடமிருந்து கழியுங்கள்.

கடைத் திருட்டென்றால், கடையின் சார்பில் சில நூறு டொலர் கேட்டு ஒரு லோயர் கடிதம் வீட்டுக்கு வரக்கூடும். அது கோட்டுக் கட்டளை அல்ல, இந்தத் திட்டத்தோடும் சேர்ந்ததல்ல. பயந்துபோய் உடனே கட்டாமல் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பாடசாலை இடைநிறுத்துவதும் தனி விடயம். பொலிஸ் விட்டாலும் அதிபர் தன் முடிவை எடுக்கலாம்.

வழக்குப் பதிந்துவிட்டால்

அப்போதும் கிரவுன் இதே மாதிரி ஒரு திட்டத்துக்கு அனுப்பலாம். பிள்ளை விளங்கிக்கொண்டு தானாகச் சம்மதிக்க வேண்டும், சட்டத்தரணியைக் கேட்க வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், வழக்கு நடத்தப் போதிய சாட்சியமும் இருக்க வேண்டும். ஒப்புக்கொண்டதை முழுதாகச் செய்து முடித்தால் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும்.

திட்டத்தில் சேர்ந்துவிட்டோமே என்று கோட்டுத் தவணைக்குப் போகாமல் விடாதீர்கள். வழக்கு முடிந்ததென்று கோட்டில் சொல்லும்வரை, லோயர் வரத் தேவையில்லை என்று சொன்னாலன்றி, ஒவ்வொரு தவணைக்கும் போக வேண்டும். ஹெட்ஃபோன் வழக்கு முடிகிற நேரத்தில், தவணைக்கு வராத குற்றம் என்று புதிதாக ஒன்று தொடங்கிய வீடுகள் உண்டு.

18 வயது தாண்டியவர்களுக்குக் குற்றவியல் சட்டக்கோவையின் 717ஆம் பிரிவு மாற்று வழிகளுக்கு இடம்தருகிறது. ஒன்ராறியோவில் அது பெரும்பாலும் குற்றச்சாட்டுப் பதிந்த பிறகுதான் கிடைக்கும். கைரேகை அதற்குள் எடுத்திருப்பார்கள். வழக்குத் திரும்பப் பெறப்பட்டாலும் அது தானாக அழிந்துவிடுமென்று இருக்காமல், அழிக்கும்படி பொலிஸிடம் நீங்களே விண்ணப்பியுங்கள். குடியுரிமை கிடைக்காத வயதுவந்தவர் எதற்குச் சம்மதிக்க முன்னரும் குடிவரவுச் சட்டத்தரணியைக் கேட்க வேண்டும். பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தப் பயம் குறைவு: இளையோர் தண்டனை பெற்ற குற்றத்தைக் காட்டி, குற்றச்செயல் காரணமாக அனுமதிக்க முடியாதவர் என்று தீர்மானிக்கக்கூடாதென்று குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு சொல்கிறது.

முடிந்த பிறகு

எல்லாம் செய்து முடித்ததும், முடித்துவிட்டதாக ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். பலர் வாங்குவதில்லை, இரண்டு வருடம் கழித்துத் தேடி அலைவார்கள், அதற்குள் அங்கே வேலைசெய்தவர் மாறியிருப்பார். 10ஆம் பிரிவின் கீழ்ப் போயிருந்தால், அந்தப் பதிவைப் பார்க்கக்கூடிய காலம் 2 வருடம். அந்தக் கணக்கு, முடித்த நாளிலிருந்தல்ல, பிள்ளை சம்மதித்த நாளிலிருந்து தொடங்கும். இதற்கிடையில் திரும்பவும் பிடிபட்டால் அது கோட்டில் பேசப்படலாம். சம்மதித்த திகதியைக் கடித உறையின் மேலேயே பெரிதாக எழுதி, பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் இருக்கிற கோப்புக்குள் வையுங்கள். கோப்பு எங்கே இருக்கிறதென்று பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.